பூசைக்கு ஓர் இடம்

14 ஜூன் 1953, ஞாயிறு

மதிப்பிற்குரிய நாட்குறிப்பிற்கு லீலாபாய் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஈஸ்டர் பண்டிகை முதல் இன்றுவரை ஒரு வரியேனும் எழுதாமல் காலம் தாழ்த்திய என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன். தாமதத்திற்குத் தக்க காரணம் உண்டு.

என் கணவரின் தங்கை பேபி எங்களோடு வாழ வந்திருக்கிறாள். அவள் கணவன் ஞானசிங் குலசேகரத்து ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவன். தோட்டத்து லாரி கவிழ்ந்ததில் தவக்காலத்தில் இறந்துபோனான். பேபிக்கு இருபத்து மூன்று வயது. ஒரு கையில் தகரப்பெட்டியும் மறு கையில் மூடிய கூடையுமாக வடசேரியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். பெட்டியை என் கணவரிடம் கொடுத்தாள். கூடையை ஒருவரிடமும் கொடுக்கவில்லை. அதற்குள் ஒரு பூனை இருந்தது.

சாம்பல் நிறம், கடுவன். முன்னங்கால்களில் ஒன்று பாதி வரையே உண்டு, எலிப்பொறியில் போனதாம். பெயர் கங்காணி. ரப்பர் பால் வெட்டும் ஆட்களுக்கு நடுவே வாலைத் தூக்கிக்கொண்டு மேற்பார்வை பார்த்து நடந்ததனால் ஞானசிங் அப்பெயரை வைத்தானாம்.

"வெளிய விட்டா தெருநாயி கொண்டு போயிரும் மைனி. மூணு கால வச்சிக்கிட்டு எங்கன ஓடும்?" என்றாள் பேபி.

ஆகவே ஒரு பழைய தேயிலைப் பெட்டியில் தோட்டத்து மண்ணை நிரப்பி, அடுக்களைக்கு அடுத்த பின்னறையில் வைத்தோம். அதன் மலசலத்திற்கு அதுவே இடம். நான்தான் சம்மதித்தேன். ஒரு பெட்டி மண் வீட்டை என்ன செய்துவிடும்?

19 ஜூன்

செய்துவிட்டது.

23 ஜூன்

மிகைப்படுத்தி எழுதுவது எனக்கு உவப்பன்று. எனினும் உண்மையைப் பதிவு செய்வது கடமை. அந்த வாடை அறையின் ஒரு மூலையில் இருப்பதில்லை, எழுந்து நடக்கிறது. காலையில் நான் அடுப்பு மூட்டும்முன் அது அங்கே எனக்காகக் காத்திருக்கிறது. கண்ணில் மிளகாய் பட்டதுபோல் எரிகிறது. சாரல் விடாமல் பெய்வதால் சன்னலைத் திறக்கவும் வழியில்லை.

இந்த வீட்டை நான் எப்படி வைத்திருந்தேன் என்பதை இத்தெரு அறியும். மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள் நான். பழைய புத்தகக் கடையில் வாங்கிய நிகண்டைக்கொண்டு நானே படித்தேன். இன்று இத்தெருப் பெண்கள் தங்கள் கடிதங்களை என்னிடம்தான் எழுதி வாங்குகிறார்கள். எழுத வந்து அமரும்போது, "லீலாபாய்க்க வீட்டுக்குள்ள வந்தா ஆலயத்துக்குள்ள வந்தது போல இருக்கு" என்பார்கள். இந்த வாரம் வந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, சொல்ல வந்ததில் பாதியை விட்டுவிட்டுப் போனார்கள்.

கணவரிடம் சொன்னேன்.

"சாரல் காலம்லா, ஈரம் ஏறினா நாறத்தான் செய்யும். வேணும்னா நீ பேபிட்ட சொல்லு."

"நீங்கள் சொல்லுங்கள். உங்கள் தங்கை."

"புருசன் செத்து வந்து நிக்கா. அவகிட்ட போயி ஒனக்க பூனை நாறுதுன்னு எந்த வாயால சொல்லச் சொல்லுத?"

எனக்கும் ஒரு வாய்தானே இருக்கிறது?

27 ஜூன்

தீர்வு கண்டுவிட்டேன். பின்னறையில் சாம்பிராணி புகைத்தேன். பெட்டி மண்ணில் யூகலிப்டஸ் தைலத்தைத் தாராளமாகத் தெளித்துக் கிளறினேன். துர்நாற்றத்தை நறுமணம் வெல்லும் என்பது சிறு குழந்தைக்கும் தெரிந்த நியாயம்.

28 ஜூன், ஞாயிறு

பாவிப் பூனை! ஆலயத்துக்கு உடுத்துக்கொண்டு போக நேற்றே கஞ்சி போட்டு மடக்கி வச்ச வெள்ளைப் புடவை... அதுக்க மேல! அந்தப் புடவைக்க மேலேயே போயி...

ஆலயத்துக்குப் போகவில்லை.

அதே நாள், மாலை

காலையில் நான் எழுதிய மொழிக்கு வருந்துகிறேன். நாவினால் சொன்னவற்றிற்கு அதைவிட வருந்துகிறேன். "வீடா இது, கக்கூஸா? ஒண்ணு இந்தப் பூனை இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்" என்று கத்தினேன். பேபி புடவையை எடுத்துப் போய்த் துவைத்தாள். மழையில் எங்கு காயப்போடுவது என்று தெரியாமல், அதைப் பிழிந்து கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் கிணற்றடியில் நின்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் என்னிடம் வந்தாள்.

"மைனி, கங்காணிக்கு இங்க எடமில்லேன்னா சொல்லிருங்க. நான் குலசேகரத்துக்கே போயிருதேன்."

குலசேகரத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஞானசிங்கின் அண்ணன் வீடு இருக்கிறது. அடக்கம் முடிந்த அன்றே, "வீட்டு வேலைக்கு ஆளு வேணும். சோத்தத் தின்னுக்கிட்டுக் கிடக்கட்டும்" என்று என் கணவரின் காதுபடச் சொன்னவன். ஒருநாள் கங்காணியைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவரச் செய்தானாம். பேபி இருட்டும்வரை தேடி எடுத்து வந்திருக்கிறாள். அன்று அவள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டவில்லை என்று அவளுக்குச் சோறு போடவில்லை.

"அந்த மனுசன் சம்பளம் வாங்கினா அதுக்கு மொதல்ல மீனு வாங்குவாவ மைனி. பொறவுதான் எனக்கு," என்றாள். ஞானசிங்கைப்பற்றி அவள் வாய் திறந்தது இதுவே முதல்முறை.

புடவை காய்ந்ததா என்று கேட்டேன். மடத்தனமான கேள்வி.

4 ஜூலை

மதிலுக்கு அப்பாலிருந்து ஹமீதா பீவி அழைத்தாள். அவள் இருக்கும் வீடும் எங்கள் வீடும் தோவாளைப் பகவதியப்பன் அவர்களுக்குச் சொந்தம். பூந்தோட்டமும் பூ வியாபாரமும் உடையவர், கண்டிப்பானவர். இதற்கு முன் எங்கள் வீட்டில் ஆடு கட்டிய குடும்பத்தை ஒரே வாரத்தில் காலி செய்ய வைத்தவர்.

"ஏ லீலாபாய், நான் பூச்சைக்கு எதிரி இல்ல கேட்டியா. எங்க வாப்பா வீட்டுல பூச்சைக்கும் எங்களுக்கும் ஒரே பாயிதான். ஆனா அதெல்லாம் வெளிய போயிட்டு வரும். நீ என்ன, மகாராசாவுக்குக் கெட்டிக் குடுத்தது போல உள்ளயே கக்கூஸு கெட்டிக் குடுத்திருக்கிய?"

"அது ஊனமுற்ற பிராணி. சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்."

"நான் பொறுப்பேன். என்னக் கெட்டின மாப்பிளை பொறுக்கணுமே! சோத்துல ஊத்தின மீன் ஆணம் நாறுதா, அடுத்த வீட்டுப் பூச்சை நாறுதான்னு தட்ட வச்சிட்டு எழும்பிப் போறாவ. வாடகை வாங்க வீட்டுக்காரரு வரட்டும், நான் சொல்லத்தான் செய்வேன். வருத்தப்படாத."

சொன்னால்? பூனை வெளியே. பூனை வெளியே போனால் பேபியும் வெளியே.

6 ஜூலை

பிறர் வாயால் போவதற்கு முன் நம் எழுத்தால் போவதே மரியாதை. வீட்டுக்காரருக்கு இன்று கடிதம் எழுதி அஞ்சலில் சேர்த்தேன். இதுகாறும் நான் எழுதியவற்றுள் இதுவே சிறந்தது என்பதால் இங்கே படி எடுத்து வைக்கிறேன்.

"மேன்மை தங்கிய ஐயா, தங்கள் இல்லத்தில் சின்னாட்களாகப் பூசை ஒன்று இருந்து வருகின்றது. அதன்பொருட்டுப் பின்னறையில் மணல் பரப்பித் தனியிடம் அமைத்துள்ளோம். அதனால் எழும் மணம் அண்டை வீடு வரையிலும் செல்கின்றது. இளம்வயதில் துயருற்ற ஒரு பெண்ணின் ஆறுதலை முன்னிட்டுத் தாங்கள் இதற்கு இசைவளித்தருள வேண்டுகிறேன்."

ஹமீதா பீவியைப்போல் 'பூச்சை' என்று எழுதலாகாது. அது மலையாளம் கலந்த பேச்சு. 'பூனை' என்பதும் சாமானியம். நிகண்டில் 'பூசை' என்றே கண்டிருக்கிறது. 'நாற்றம்' என்று எழுதக் கை கூசியது. 'மணம்' என்றாலும் அதே பொருள்தானே.

14 ஜூலை

இன்று காலை தோவாளை பஸ்ஸின் கண்டக்டர் வாசலில் ஒரு கடகப்பெட்டியை இறக்கினார். திறந்தால் பிச்சியும் அரளியும் துளசியும்.

"தோவாளை மொதலாளி தந்துவிட்டாரு. பூசை நல்லபடியா நடக்கட்டும்னாரு. ஓணத்துப் பூ யாவாரம் முடிஞ்ச பொறவு அவரும் வீட்டுக்காரியும் வந்து கும்பிட்டுக்கிடுவாவளாம்."

நான் வாசலில் அப்படியே நின்றேன். பின்னால் என் கணவர் கடிதத்தின் படியை வாங்கி உரக்க வாசித்தார். "தனியிடம்... மணம்... அண்டை வீடு வரை..." அதற்குமேல் அவரால் வாசிக்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வேதக்கார வீட்டுல பூசையாம்! ஏட்டி லீலா, மணி அடிச்சியா?"

கோபத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்போது வேறொரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பேபி. கங்காணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாயைப் பொத்தியும் அடங்காமல், தரையில் உட்கார்ந்து சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்குத் தெரியாது.

கோபத்தைத் தொடர முடியவில்லை.

16 ஜூலை

பூக்கூடை வந்த செய்தி ஆலயம் வரை எட்டிவிட்டது. உபதேசியார் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வேதப்புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு காரியம் கேள்விப்பட்டேன் அம்மா. நம்பல. வீட்டுல பூசை வச்சிருக்கியளா?"

"வைத்திருக்கிறோம் ஐயா."

"எம்புட்டு நாளாட்டு?"

"பேபி வந்த நாள் முதல்."

"கர்த்தாவே! அந்தப் பிள்ளை கொண்டாந்ததா? அவளுக்க அண்ணன் செல்வதாசுக்கும் இது தெரியுமா?"

"அவரும் சில நாள் மீன் வாங்கிவந்து போடுகிறார்."

உபதேசியார் எழுந்துவிட்டார். "மீனு வச்சா!"

அந்நேரத்தில் கங்காணி நொண்டி நொண்டி வந்து, அவர் வேட்டி நுனியில் முகத்தைத் தேய்த்தது.

"இதுதான் ஐயா பூசை. பூனைக்குச் செந்தமிழில் அப்படிப் பெயர்."

அவர் மெல்ல உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "பூனைன்னே சொல்லப்பிடாதாம்மா?" என்று மட்டும் கேட்டார். போகும்போது மூக்கைச் சுளித்து, "ஆனா வேற காரியம் ஒண்ணு உண்டு. சொல்ல வேண்டியதில்ல, ஒங்களுக்கே தெரியும்" என்றார்.

17 ஜூலை

வீட்டுக்காரருக்குத் திருத்தக் கடிதம் ஒன்று வரைந்தேன். "முன்னர்க் குறித்த பூசையாவது மார்ச்சாலமே எனத் தெளிவுபடுத்துகிறேன்." பூனைக்கு அதுவும் நிகண்டுப் பெயரே. கணவர் வாசித்தார்.

"இதப் பாத்தா ஒனக்கு மாருல சளின்னு நெனச்சு கசாயம் காச்சிக் குடுத்துவிடுவாரு. பேசாம இரி. நேர்ல வரும்பம் நேர சொல்லு."

கிழித்துவிட்டேன். நேரில்தான் சொல்லப்போகிறேன். ஆனால் அவர் வந்து நிற்கும் வேளையில் வீட்டில் வாடை என்பது அணுவளவும் இருத்தலாகாது. பூ வியாபாரியின் மூக்கு அது. விடிவதற்கு முன் கூடை கூடையாக மோந்து பார்த்து, நேற்றைய பூவையும் இன்றைய பூவையும் பிரிக்கும் மூக்கு. அதனிடம் சாம்பிராணி செல்லாது.

பேபியிடம் சொன்னேன். "ஓணம் வரை நமக்கு நேரம் இருக்கிறது. நீயும் நானும் சேர்ந்து இதை வெல்வோம்."

"போவச் சொல்லுவியன்னு நெனச்சேன் மைனி," என்றாள்.

21 ஜூலை

கங்காணியைக் கூர்ந்து கவனித்து வருகிறேன். அது பெட்டியில் ஏறுமுன் மோந்து பார்க்கிறது. ஈரம் பட்டால் கால் வைப்பதில்லை. தைல வாடை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. காய்ந்த இடத்தில் தோண்டி, இருந்து, மூடி, திரும்ப மோந்து பார்த்து, மீண்டும் மூடுகிறது. நான் எதை வெறுக்கிறேனோ அதையே அதுவும் வெறுக்கிறது. என் புடவையை அது தேர்ந்தெடுத்ததன் காரணம் இப்போது விளங்குகிறது. அன்று இந்த வீட்டிலேயே மிகச் சுத்தமான இடம் அதுதான்.

தைலத்தை நிறுத்திவிட்டேன். கிடந்ததை உடனுக்குடன் சிரட்டை அகப்பையால் அள்ளி வாழை மூட்டில் புதைக்கிறோம். காலையில் பேபி, மாலையில் நான். முதல்நாள் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டேன். பேபி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

வாடை குறைந்திருக்கிறது. போகவில்லை.

24 ஜூலை

பெட்டியைக் கவிழ்த்து, மண் முழுவதையும் கொட்டி, வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். வெறும் பெட்டி. ஒரு பொடி மண் இல்லை. ஆயினும் அறையில் அதே வாடை! இருவரும் நாற்புறமும் தேடினோம். கடைசியில் பேபி பெட்டிக்குள் தலையை விட்டாள். நானும் விட்டேன். நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டது.

"மைனி, பலகையாக்கும்!"

பலகைதான். இத்தனை நாளும் மண்ணைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தோம். மரம் குடித்து வைத்திருந்தது. பெட்டியைப் பிளந்து வெளியே போட்டுவிட்டு, இப்போதைக்கு ஒரு மண்சட்டி வைத்திருக்கிறோம். சட்டி சிறிது. பூனை உள்ளே நிற்கிறது, மற்றது வெளியே விழுகிறது. மேலும், சுட்ட மண்ணும் மரத்தைப் போலத்தான் குடிக்கும்.

29 ஜூலை

தோட்டத்து மண்ணுக்குப் பதில் பழையாற்று மணல். அலசி எடுத்தோம். வெயில் இல்லை, எப்படிக் காயவைப்பது? பேபி பெரிய இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். இருவரும் மாறி மாறிக் கிளறி மணலை வறுத்தோம். சிரட்டைக் கரியை இடித்து, அடியில் பரப்ப எடுத்து வைத்தோம். சோற்றுப் பானையில் தீய்ந்த வாடைக்குக் கரித்துண்டு போடுவது வழக்கம்தானே. சோற்றுக்கு ஆகும் என்றால் மணலுக்கு ஆகாதா?

மதிலுக்கு மேல் ஹமீதா பீவியின் தலை தெரிந்தது.

"காலையில இருந்து வறுக்கியளே, என்னது, அவலா?"

"மணல்."

"ரெண்டு பேரும் ஒருக்கா வைத்தியரப் பாக்கக்கூடாதா?" என்றாள்.

2 ஆகஸ்டு

பரணிலிருந்து என் இனாமல் பேசினை இறக்கினேன். வெள்ளை நிறம், நீலக் கரை. மாதர் சங்கத்தில் வேதவசனம் பிழையின்றி ஒப்புவித்ததற்காக எனக்குக் கிடைத்த பரிசு. பள்ளிக்கூடம் எனக்குப் பரிசு எதுவும் தந்ததில்லை. ஆண்டுதோறும் கிறிஸ்துமசுக்கு முந்திரிக்கொத்து மாவு பிசைய மட்டும் அதை எடுப்பேன்.

இனாமல் எதையும் குடிக்காது. அகலம் உண்டு. மூன்று கால் பிராணி ஏறி இறங்கும் உயரம்தான்.

பேபி பதறினாள். "மைனி, வேண்டாம். இது கிறிஸ்மசுக்கு உள்ளதுல்லா!"

"மாவு பிசைய வேறு பாத்திரம் கிடைக்கும்."

"ஒங்களுக்கு பிரைசா கிடைச்சதுன்னு அண்ணன் சொன்னாவளே..."

"ஆமாம். கரியைக் கொண்டா."

அடியில் கரி, மேலே வறுத்த மணல். கங்காணி வந்தது. மோந்தது. ஏறியது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இவ்வளவு பக்தியோடு வேறெதற்காவது நின்றிருக்கிறோமா என்பது ஐயமே.

11 ஆகஸ்டு

ஹமீதா பீவி வாசல் வழியாகவே வந்தாள். கையில் வாழையிலைப் பொதி. முகம் வாடியிருந்தது.

"பூச்சை செத்துப்போச்சா, மக்கா?" என்று பேபியிடம் மெதுவாகக் கேட்டாள். "நாலஞ்சு நாளாட்டு ஒரு வாடையும் இல்ல. நான் சொன்னதுனாலதான் என்னமும் செய்திட்டியளோன்னு எனக்கு ஒறக்கமே இல்ல."

பேபி கங்காணியை எடுத்துவந்து காட்டினாள். ஹமீதா பீவி அதன் காதைப் பிடித்துத் திருகி, "சாவாம இருந்துக்கிட்டா என்னக் கண்ணுநீரு விட்டுக் கரைய வச்ச?" என்று திட்டினாள். பொதியில் மீன்தலை இருந்தது.

பூனை இறந்துபோனதாக நினைத்தவள் எதற்கு மீன்தலையைக் கொண்டுவந்தாள் என்று நான் கேட்கவில்லை.

30 ஆகஸ்டு

பகவதியப்பன் அவர்களும் அவர் மனைவியும் இன்று வந்தார்கள். அவர் கையில் தாமரை இலையில் பொதிந்த பெரிய மாலை. அம்மாள் பட்டுப்புடவையில். இருவரும் நடையிலேயே செருப்பைக் கழற்றி, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு ஏறினார்கள். 

பேச வேண்டியதை இரண்டு வாரமாக மனப்பாடம் செய்திருந்தேன். 'ஐயா, சொற்பொருள் மயக்கத்தால் நேர்ந்த பிழையை' எனத் தொடங்கும்.

"பூசை எங்கன வச்சிருக்கிய?" என்று கேட்டுவிட்டார்.

தொடக்கம் மறந்துவிட்டது. முடிவும் மறந்துவிட்டது.

"பூச்சை, அய்யா," என்றேன். "பூசை இல்ல. பூச்சையாக்கும். பூனை."

"என்னது?"

"எனக்க நாத்தூனுக்க பூனை. நான் எழுதினதுதான் தப்பு. மன்னிக்கணும்."

பேபி பின்னறை வாசலில் கங்காணியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தது அம்மாள்தான். "நல்லாருக்கு! தாமரை எலையில மாலை கெட்டி பூச்சைக்கா கொண்டாந்திய?" என்று கணவரின் தோளைத் தட்டினார்.

அவர் சிரிக்கவில்லை. "ஆடு கெட்டினவன என்ன செய்தேன்னு தெரியும்லா?" என்றார். நேரே பின்னறைக்குள் போனார். பேசின் பக்கத்தில் குனிந்தார். கண்ணை மூடி, பூக்கூடையை மோந்து பார்ப்பதுபோல் மூச்சை இழுத்தார். மூலைக்குப் போனார். இழுத்தார். அடுக்களைக்குள் வந்து இழுத்தார். திரும்பப் போனார். நான் என் கையை நானே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இதுலதான் போவுதா?"

"இதுலதான், அய்யா," என்றாள் பேபி.

"சத்தியமாட்டு?"

"சத்தியமாட்டு."

அவர் நிமிர்ந்தார். "கரி வாசம் லேசா உண்டு. கறிக்குத் தேங்கா வறுத்திருக்கிய. பூச்சை வாசம் இல்ல." பிறகு என்னைப் பார்த்து, "இருந்துட்டுப் போட்டும். ஆடு மட்டும் கொண்டுவந்திராத தாயி" என்றார்.

கொண்டுவந்த மாலையைத் திருப்பிக் கொண்டுபோகலாகாது என்று அம்மாள் சொன்னார். மாலையோடு இருந்த பிச்சிச் சரத்தில் ஒரு முழத்தைக் கிள்ளிப் பேபியிடம் நீட்டினார், "தலையில வச்சிக்க மோளே" என்று. பேபி கைம்பெண் என்பது அவருக்குத் தெரியாது. பேபியின் கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். ஒரு நொடி அந்த அறையில் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பதுபோல் இருந்தது.

"வாங்கிக்க, மக்கா," என்றேன். "திரும்பு. நான் வச்சி விடுதேன்."

31 ஆகஸ்டு

நேற்று எழுதியதை வாசித்துப் பார்த்தேன். என் பேச்சு நெடுகிலும் கொச்சையாக இருக்கிறது. திருத்தப்போவதில்லை.

12 அக்டோபர்

ஞானசிங்கின் அண்ணன் குலசேகரத்திலிருந்து வந்திருந்தான். மாடு கன்று போட்டிருக்கிறதாம், ஆள் இல்லையாம். "துணிய எடுத்துக்கிட்டுப் பொறப்படு" என்றான். நான் வாய் திறக்குமுன் பேபியே சொன்னாள்.

"எனக்கு இங்க எடம் உண்டு."

"அண்ணன் வீடுன்னா எத்தன காலம்?"

"அண்ணன் வீடு இல்ல. மைனிக்க வீடு."

அவன் சாயாவைக் குடிக்காமலேயே போய்விட்டான். நான் அடுக்களையில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஒரு பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் துலக்கினேன்.

22 நவம்பர்

உபதேசியார் ஒரு செய்தி கொண்டுவந்தார். நெய்யூர் ஆஸ்பத்திரியில் நர்சு படிப்புக்குப் பெண்களைச் சேர்க்கிறார்களாம். பேபி ஏழாம் வகுப்பு தேறியவள். சேர்த்துக்கொள்வார்கள். விடுதியில் தங்க வேண்டும்.

பேபியின் முகம் மலர்ந்தது; உடனே வாடியது. "வேண்டாம் மைனி. அங்க கங்காணிய விடமாட்டாவ."

"அது இங்கே இருக்கும்."

"ரெண்டு நேரமும் நீங்க ஒருத்தியே அள்ளுவியளா?"

"ஏட்டி, நான் அள்ளாம, பின்ன உபதேசியாரா வந்து அள்ளுவாரு?"

உபதேசியார் பையை எடுத்துக்கொண்டு சற்று அவசரமாகவே விடைபெற்றார்.

3 ஜனவரி 1954

பேபி நெய்யூருக்குப் போய்விட்டாள். பஸ் நகரும்போது என்னிடம் சொன்னது கங்காணியைப் பற்றி மட்டுமே. நானும் அதைப் பற்றி மட்டுமே பேசினேன்.

10 ஜனவரி 1954

தபால் அட்டையில் எழுதுமுன் இங்கே எழுதிப் பார்க்கிறேன். மூன்று முறை 'அன்புசால்' என்று தொடங்கி மூன்று முறையும் அடித்துவிட்டேன்.

மக்கா பேபிக்கு மைனி எழுதுவது. உன் அண்ணன் சுகம். நானும் சுகம். ஹமீதா பீவி உன்னை விசாரித்தாள். பேசினை இரண்டு நேரமும் சுத்தம் செய்கிறேன். மணல் இப்போது வெயிலிலேயே காய்ந்துவிடுகிறது, வறுக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரு வாடையும் இல்லை. நீ தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசம்கூட இல்லை. உன் தலையணையில் கொஞ்சம் இருந்தது, அதிலும் நேற்றோடு போய்விட்டது.

கங்காணி அந்தத் தலையணையில்தான் கிடக்கிறது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மீன் வைத்து நான் கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறது, வருவதில்லை. நீ கூப்பிட்டால் எங்கிருந்தாலும் ஓடிவருமே. சாப்பிட அழைக்கும்போது நீ அதனிடம் என்ன சொல்லுவாய்? சொல்லுகிற சொல்லை அப்படியே, பேசுகிறபடியே எழுது. உடனே பதில் போடு.